பெரிய பூட்ஸுக்கு ஐஸ் கிளீட்ஸ்: அளவும் தேர்வும்

ஐஸ் கிளீட்ஸ் என்பது உறைந்த தரையில் வழுக்காமல் நடப்பதற்காகக் காலணியின் மேல் இழுத்து மாட்டும் ஒரு சாதனம். மேலே காலணியைச் சுற்றிக் கவ்வும் ரப்பர் பட்டை. அடியில் அதோடு பிணைந்த இரும்பு முட்கள், சங்கிலி அல்லது சுருள்கம்பி. இவ்வளவுதான் அதன் அமைப்பு. கனடா, அமெரிக்காவின் வட மாநிலங்கள், நார்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய இடங்களில் குளிர்காலம் தொடங்கியதும் செருப்புக்கடை, மருந்துக்கடை, தோட்டச் சாமான் கடை என்று எங்கும் இது தொங்கும். பெட்டியின் மேல் ஸ்மால், மீடியம், லார்ஜ், எக்ஸ்எல் என்று ஏதாவது ஒன்று அச்சாகியிருக்கும். சாதாரண ஷூ அணிபவருக்கு அந்த எழுத்தே போதும். உள்ளே தடித்த கம்பளி உறையும் வெளியே பருத்த ரப்பர் ஓடும் கொண்ட பெரிய குளிர்கால பூட்ஸ் அணிபவருக்கு அது போதாது. கிளீட்ஸ் பொருந்த வேண்டியது பூட்ஸின் வெளிச்சுற்றோடு. பெட்டியின் எழுத்தோ உள்ளே இருக்கும் பாதத்தைக் கணக்கிட்டு எழுதப்பட்டது. பெரிய பூட்ஸுக்குக் கிளீட்ஸ் வாங்குவதில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியிலிருந்து பிறக்கின்றன.

ஐஸ் ஏன் வழுக்குகிறது என்பது தெரிந்தால் தேர்வு எளிதாகும். உடலின் எடை அழுத்துவதால் ஐஸ் உருகி வழுக்குகிறது என்று நெடுங்காலம் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. மனித எடை தரும் அழுத்தம் ஐஸின் உருகுநிலையை மிகச் சிறிதளவே இறக்கும். மைனஸ் 10 டிகிரியில் ஒருவர் சறுக்கி விழுவதை அது விளக்காது. ஐஸின் மேற்பரப்பிலுள்ள நீர் மூலக்கூறுகளுக்கு மேலே பற்றிக்கொள்ள அண்டை மூலக்கூறுகள் இல்லை. அதனால் அவை இறுக்கம் குறைந்து எளிதில் நகர்கின்றன. உருகாத ஐஸின் மேலும் நீர் போன்ற மெல்லிய படலம் இருக்க வேண்டும் என்று மைக்கேல் ஃபாரடே 1850இலேயே கருதினார். ஆய்வகத்தில் வழவழப்பான ஐஸின் மேல் உராய்வை அளந்தபோது அது மைனஸ் 7 டிகிரி செல்சியஸ் அருகே மிகக் குறைவாக இருந்தது. வேகச் சறுக்கு அரங்குகளின் ஐஸ் ஏறத்தாழ அந்த வெப்பநிலையில் வைக்கப்படுகிறது. தெருவில் இன்னொன்றும் சேரும். பகலில் உருகிய நீர் ஐஸின் மேல் தேங்கி நின்றால், காலணியின் ரப்பர் ஐஸைத் தொடுவதே இல்லை.

சமதளத்தில் இயல்பாக நடக்கத் தரையின் உராய்வுக் கெழு சுமார் 0.2 இருக்க வேண்டும். ஈரமான ஐஸின் மேல் சாதாரண ரப்பர் அடிப்பாகம் தருவது 0.1க்கும் கீழே. சறுக்கல் பெரும்பாலும் தொடங்குவது குதிகாலில். காலை முன்னே வைத்துக் குதிகால் தரையைத் தொடும் கணத்தில் உடலின் எடை இன்னும் பின்னால் இருக்கிறது. குதிகால் பிடிக்காவிட்டால் கால் முன்னே ஓட, உடல் மல்லாந்து விழும். இடுப்பெலும்பும் மணிக்கட்டும் முறிவது இப்படித்தான். ஆகவே எந்தக் கிளீட்ஸைக் கையில் எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது, குதிகாலுக்கு நேர் கீழே முள் இருக்கிறதா என்பது. முன்பாதத்துக்கு மட்டும் முள் வைத்த மலிவான சாதனங்கள் ஆபத்து தொடங்கும் இடத்தை வெறுமையாக விட்டுவிடுகின்றன.

குளிர்கால பூட்ஸ் என்ற பெயரில் விற்கப்படுவதாலேயே ஒரு காலணி ஐஸில் பிடிக்கும் என்று நம்பக் கூடாது. குளிரைத் தடுப்பது ஒரு வேலை, வழுக்கலைத் தடுப்பது வேறு வேலை. டொராண்டோ மறுவாழ்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டினார்கள். உறைந்த தரை கொண்ட ஓர் அறை. அந்த அறையையே கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்க்கலாம். கூரையிலிருந்து தொங்கும் பாதுகாப்புப் பட்டையை அணிந்தவர் உள்ளே ஏறியும் இறங்கியும் நடக்கிறார். எந்தச் சாய்வில் கால் நழுவுகிறதோ அது குறித்துக்கொள்ளப்படும். தேறுவதற்குக் குறைந்தபட்சம் 7 டிகிரி சாய்வில் நழுவாமல் நடக்க வேண்டும். சாலையோர நடைபாதையிலிருந்து தெருவில் இறங்கும் சரிவு ஏறத்தாழ அவ்வளவுதான் சாய்ந்திருக்கும் என்பதால் வைத்த அளவு அது. 2016இல் வெளியான முதல் முடிவுகளில் 98 ஜோடி பூட்ஸ்கள் இருந்தன. பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. விலை உயர்ந்தவையும் தோற்றன. டொராண்டோ பகுதியின் ஸ்கார்பரோ, மார்க்கம் ஊர்களில் பேருந்து நிறுத்தம் வரை நடந்து போகும் ஆயிரக்கணக்கான தமிழர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும் செய்தி. கனத்த பூட்ஸ் அணிந்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் காலை அழுத்தி வைப்பவரே முதலில் சறுக்குகிறார்.

கிளீட்ஸ் உண்மையில் உதவுகிறதா என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், முன்பே விழுந்த அனுபவமுள்ள 65 வயதுக்கு மேற்பட்ட 109 பேரை ஒரு குளிர்காலம் முழுவதும் கவனித்தார்கள். ஒரு பிரிவினருக்குச் சுருள்கம்பி வகைக் கிளீட்ஸ் தரப்பட்டது. மற்றவர்கள் வழக்கமான காலணியோடு நடந்தார்கள். 2005இல் வெளியான முடிவின்படி, கிளீட்ஸ் அணிந்தவர்கள் வெளியில் விழுந்தது பாதிக்கு மேல் குறைந்திருந்தது. சுவீடனில் கிளீட்ஸ் வழங்குவது நகராட்சிகளின் வேலையாகவே ஆகிவிட்டது. கோத்தன்பர்க் உட்படப் பல ஊர்களில் 65 வயது கடந்தவர்களுக்குக் கிளீட்ஸ் இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். ஓர் எலும்புமுறிவு அறுவைச் சிகிச்சைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் ஒரு ஜோடி ரப்பர் பட்டையின் விலை ஒன்றுமேயில்லை; பொதுப்பணத்தை இதைவிட நல்ல வழியில் செலவிடுவது கடினம்.

சந்தையில் உள்ளவற்றை அடிப்பாகத்தை வைத்துப் பிரிக்கலாம். முதலாவது சுருள்கம்பி வகை. ரப்பர் வலையின் மேல் எஃகுக் கம்பி சுருள் சுருளாகச் சுற்றியிருக்கும். எடை குறைவு, விலை குறைவு, காலுக்கடியில் உறுத்தாது. மிதித்து இறுகிய பனியில் நன்றாக வேலை செய்யும். கண்ணாடி போல் பளபளக்கும் கடின ஐஸில் இதன் பிடி குறைவு. இரண்டாவது, ரப்பரில் பதித்த குறுமுள் வகை. முள்ளின் நுனி பெரும்பாலும் டங்ஸ்டன் கார்பைடு. நடைபாதையில் பாதி ஐஸ், பாதி வெறும் சிமெண்ட் என்று மாறி மாறி வரும் நகரத்துக்கு இது ஏற்றது. சிமெண்டில் தேய்ந்தாலும் கார்பைடு நுனி எளிதில் மழுங்காது. மூன்றாவது, சங்கிலியோடு கூரிய முட்கள் கொண்ட மலைப்பாதை வகை. அமெரிக்காவின் கஹ்தூலா நிறுவனம் செய்யும் மைக்ரோஸ்பைக்ஸ் இதில் பேர் பெற்றது. ஒவ்வொரு காலுக்கும் 12 எஃகு முட்கள், ஒவ்வொன்றும் சுமார் 1 செ.மீ. நீளம். இமயமலையில் குளிர்கால மலையேற்றத்துக்குப் போகும் தமிழ்நாட்டு இளைஞர்கள் வாடகைக்கு எடுத்து மாட்டுவதும் இந்த வகைதான். சரிவான உறைந்த பாதையில் இதற்கு ஈடு இல்லை. வெறும் சிமெண்டில் இதை மாட்டிக்கொண்டு நடப்பது காலுக்கும் கேடு, முள்ளுக்கும் கேடு. மலையேறிகளின் நீண்ட பற்கள் கொண்ட கிராம்பான் வேறு இனம். தெருவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இனி பெரிய பூட்ஸுக்கு வரலாம். கடுங்குளிர் நாடுகளில் அணியும் பூட்ஸில் பல அடுக்குகள் உண்டு. கனடாவில் பிறந்த சோரெல், பாஃபின், காமிக் போன்ற பெயர்களில் வரும் பூட்ஸ்களின் பொதுவான அமைப்பைப் பார்த்தால், கீழே நீர் புகாத ரப்பர் ஓடு, மேலே தோல் அல்லது நைலான், உள்ளே கழற்றி எடுக்கக்கூடிய தடித்த உறை. ஆண்களுக்கான 10ஆம் எண் அமெரிக்க அளவை எடுத்துக்கொள்வோம். கடைகளில் பாதம் அளக்கும் பிரானாக் கருவியின்படி அது சுமார் 27 செ.மீ. நீளமுள்ள பாதம். விரல்களுக்கு முன்னே 1 செ.மீ.க்குக் குறையாமல் இடம் வேண்டும். உள்ளுறை 9 மில்லிமீட்டர் தடிமன் என்றால் முன்னும் பின்னுமாக ஏறத்தாழ 2 செ.மீ. கூடும். வெளியோட்டின் தடிமனும், அடிப்பாகம் சற்று விரிந்து நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பும் சேர்ந்தால் இன்னும் இரண்டு மூன்று செ.மீ. ஆக, அடிப்பாகத்தின் நீளம் 32 அல்லது 33 செ.மீ.க்குப் போய்விடுகிறது. அதே எண் கொண்ட ஓட்டக்காலணியின் அடிப்பாகம் சுமார் 30 செ.மீ.தான். அகலத்திலும் இதேபோல் ஒன்றரை இரண்டு செ.மீ. ஏறும்.

மூன்று செ.மீ. நீளம், இரண்டு செ.மீ. அகலம் என்றால் சிறிய வேறுபாடாகத் தோன்றலாம். கிளீட்ஸின் பட்டை காலணியைச் சுற்றி வருவது. அதற்கு முக்கியம் சுற்றளவு. நீளமும் அகலமும் அவ்வளவு கூடினால் சுற்றளவு ஏறத்தாழ 8 செ.மீ. கூடிவிடும். 10ஆம் எண் ஷூவுக்கென்று எழுதப்பட்ட பட்டை, அதே எண் பூட்ஸைச் சுற்ற இவ்வளவும் கூடுதலாக இழுபட வேண்டும். உயரமும் ஒரு சிக்கல். பூட்ஸின் முன்முனை உருண்டு பருத்திருப்பதால், பட்டை அதன் மேலேறிப் பிடிக்க இடமில்லாமல் சரிவில் நிற்கிறது. ஒவ்வோர் அடியிலும் பாதம் மடங்கும்போது அது சிறிது சிறிதாக முன்னே நழுவி, கடைசியில் விரல்முனையிலிருந்து கழன்று தெறிக்கும். பெரிய பூட்ஸ் அணிபவர்கள் அடிக்கடி சந்திக்கும் கோளாறு இதுவே. நடப்பவருக்குப் பெரும்பாலும் அது உடனே தெரிவதும் இல்லை. பத்தடி தள்ளி, முள் இல்லாத காலை முள் இருப்பதாக நம்பி ஊன்றும்போதுதான் தெரியவருகிறது.

அளவெடுப்பது எளிது. உள்ளுறையோடு, வழக்கமாகப் போடும் தடித்த காலுறையும் போட்டு, கயிற்றைக் கட்டிய நிலையில் பூட்ஸை ஒரு காகிதத்தின் மேல் நிறுத்த வேண்டும். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து அடிப்பாகத்தைச் சுற்றிக் கோடு இழுக்க வேண்டும். பென்சில் சாய்ந்தால் அரை செ.மீ. வரை தவறு வரும். அந்தக் கோட்டிலிருந்து முனைக்கு முனை நீளம், பெருவிரல் மூட்டுக்கு நேரே உள்ள அதிக அகலம், குதிகாலின் அகலம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளலாம். பிறகு தையல்காரர் வைத்திருக்கும் அளவுநாடாவால், பட்டை உட்காரும் உயரத்தில், அதாவது அடிப்பாக விளிம்புக்குச் சற்று மேலே, பூட்ஸை ஒருமுறை முழுக்கச் சுற்றி அளக்க வேண்டும். முன்முனையின் உயரத்தையும் ஓர் அடிக்கோலை நிறுத்திப் பார்த்துவிடலாம். நல்ல நிறுவனங்கள் அளவுப் பட்டியலில் அடிப்பாகத்தின் நீளத்தைச் செ.மீ.யில் கொடுக்கின்றன, அல்லது ஓட்டக்காலணிக்கு ஒன்று, தடித்த பூட்ஸுக்கு ஒன்று என்று தனித்தனி வரிசை போடுகின்றன. ஷூ எண்ணை மட்டும் கொடுக்கும் பட்டியலாக இருந்தால், பெரிய பூட்ஸுக்கு ஓர் அளவு மேலே எடுப்பது பொதுவான வழக்கம். ஒருவரின் எண் இரண்டு அளவுகளின் எல்லையில் விழுந்தால் யோசிக்காமல் பெரியதையே எடுக்கலாம்.

எண்ணிலும் ஒரு குழப்பம் காத்திருக்கிறது. வட அமெரிக்காவில் பெண்களின் ஷூ எண் ஆண்களின் எண்ணைவிட ஒன்றரை முதல் இரண்டு வரை கூடுதலாக இருக்கும். ஒரே பாதம் பெண்கள் கடையில் 10, ஆண்கள் கடையில் எட்டு, எட்டரை. கிளீட்ஸ் பெரும்பாலும் இருபாலருக்கும் பொதுவாகச் செய்யப்படுவதால், பெட்டியில் உள்ள எண் யாருடையது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய எண்ணில் இந்தப் பிரிவு இல்லை. 43 என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் 43தான்.

மாட்டிப் பார்க்கும்போது இறுக்கமா தளர்வா என்பதைக் கண்ணே காட்டிக்கொடுக்கும். பட்டை அளவுக்கு மீறி இழுபட்டிருந்தால் அதில் உள்ள ஓட்டைகள் நீள்வட்டமாக விரியும். இணைப்பு வளையங்களைச் சுற்றி ரப்பர் வெளுத்துத் தெரியும். அங்கேதான் முதல் கிழிசல் வரும். சங்கிலிகள் வெளிப்பக்கமாக இழுக்கப்பட்டு, பாதத்தின் நடுவில் இருக்க வேண்டிய முட்கள் ஓரத்துக்குப் போயிருக்கும். மென்மையான அடிப்பாகம் கொண்ட மக்லக் வகை பூட்ஸாக இருந்தால், இறுக்கமான பட்டை விரல்முனையையும் குதிகாலையும் மேலே தூக்கி அடிப்பாகத்தை ஓடம்போல் வளைத்துவிடும். அந்நிலையில் தரையைத் தொடுவது நடுப்பாதம் மட்டும். இறுக்கத்தின் மற்றொரு விளைவு குளிர். பூட்ஸ் சூடாக இருப்பது உள்ளுறையில் அடைபட்ட காற்றால். பட்டை வெளியிலிருந்து நெரித்தால் உறை நசுங்கும், காற்று குறையும், விரல்களுக்குப் போகும் ரத்த ஓட்டமும் தடைப்படும். மைனஸ் 25 டிகிரியில் விரல் மரத்துப்போவதற்குப் பூட்ஸைக் குறை சொல்பவர்கள் கிளீட்ஸையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

தளர்வின் அடையாளம் பக்கவாட்டில் தெரியும். பூட்ஸைக் கையில் பிடித்து, முள் தகட்டை இடமும் வலமும் தள்ளிப் பார்க்கலாம். ஒரு விரல் அகலத்துக்கு மேல் நகர்ந்தால், சரிவில் குறுக்காக நடக்கும்போது கால் ஒரு பக்கமும் முள் ஒரு பக்கமும் போகும். சங்கிலி தொங்கினால் மற்றக் காலின் முள் அதில் மாட்டி இடறவும் கூடும். சரியான அளவில், முன்முனைப் பட்டை பூட்ஸின் நுனியை முழுக்க மூடி மேலேறி நிற்கும். பின்பட்டை குதிகாலின் மேல் விளிம்பில் ஊன்றும். அடியில் சங்கிலிகள் தொய்வில்லாமல், ஆனால் விறைக்காமல் படிந்திருக்கும். பாதத்தின் மேல் குறுக்கே ஓடும் ஒட்டுப்பட்டை தனியாகக் கிடைத்தால் அதை வாங்கிவிடுவது நல்லது. பருத்த முனை கொண்ட பூட்ஸில் கிளீட்ஸ் கழன்றாலும் தொலைந்துபோகாமல் பிடித்துவைப்பது அதுதான்.

பலர் கவனிக்கத் தவறும் இன்னொன்று அடிப்பாகத்தின் பள்ளங்கள். பெரிய பூட்ஸ்களுக்கு ஆழமான ரப்பர்க் கட்டைகள் வைத்த அடிப்பாகம் இருக்கும். ஆழப் பனியில் நடக்க அது தேவை. மெல்லிய சுருள்கம்பி அந்தப் பள்ளங்களுக்குள் அமிழ்ந்துவிடும். மாட்டியிருப்பது கண்ணுக்குத் தெரியும். தரையைத் தொடுவது ரப்பர் மட்டும். இதைச் சோதிக்கக் கடைக்காரரின் சொல்லை நம்ப வேண்டியதில்லை. தடித்த அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டித் தரையில் விரித்து, கிளீட்ஸ் மாட்டிய பூட்ஸோடு அதன் மேல் ஒருமுறை எடையை ஊன்றி, நழுவாமல் காலை எடுக்க வேண்டும். முள் பட்ட இடமெல்லாம் அட்டையில் குழி விழுந்திருக்கும். குதிகாலில் குறைந்தது மூன்று நான்கு குழிகளும், பெருவிரல் மூட்டுக்குக் கீழே அதைவிடக் கூடுதலாகவும் இருந்தால் நல்லது. ரப்பர்க் கட்டையின் தடம் மட்டும் பதிந்து குழியே இல்லையென்றால் அந்தக் கிளீட்ஸ் அந்த பூட்ஸுக்கு உதவாது. குழிகள் ஒரே ஓரமாகக் குவிந்திருந்தால் அளவு தவறு, அல்லது சாதனம் திரும்பி மாட்டப்பட்டிருக்கிறது.

குளிரில் ரப்பரின் குணம் மாறும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். கடையின் 20 டிகிரி வெப்பத்தில் இலகுவாக இழுபட்ட பட்டை, இரவு முழுதும் வெளித்திண்ணையில் கிடந்தால் காலையில் விறைத்துப்போய் வளைய மறுக்கும். மலிவான பிளாஸ்டிக் கலவைகள் இப்படி விறைத்து உடைந்தே போகும். சிலிக்கோனும், குளிருக்கென்று தயாரித்த நல்ல ரப்பர் கலவைகளும் கடுங்குளிரிலும் நெகிழ்வோடு இருக்கும். வாங்கிய முதல் நாளிலேயே கிளீட்ஸை ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியின் உறைய வைக்கும் அறையில் போட்டுவைத்து, மறுநாள் எடுத்து உடனே பூட்ஸில் மாட்டிப் பார்க்கலாம். அதுவும் வெளியில் போகும்போது போடும் கையுறையோடு. கையுறையைக் கழற்றினால்தான் மாட்ட முடியும் என்றால் மைனஸ் 20 டிகிரியில் யாரும் அதை மாட்டப்போவதில்லை. மூட்டுவலி உள்ள முதியவர்களுக்கு இந்தச் சோதனை இன்னும் முக்கியம். பின்னால் விரல் நுழைத்து இழுக்கப் பெரிய காது வைத்த பட்டை அவர்களுக்கு ஏற்றது. நாற்காலியில் உட்கார்ந்துதான் மாட்ட வேண்டும். ஒற்றைக்காலில் நின்று இழுக்கும்போதே பலர் விழுகிறார்கள்.

ஆண்கள் 13, 14ஆம் எண்ணைத் தாண்டியவர்கள், அல்லது அமெரிக்க ராணுவத்துக்கென்று உருவாகி அலாஸ்காவில் இன்றும் புழங்கும் வெள்ளை ‘பன்னி பூட்ஸ்’ போன்ற மிகப் பருத்தவற்றை அணிபவர்களுக்கு எக்ஸ்எல் கூடப் போதாமல் போவதுண்டு. அப்போது சுற்றிக் கவ்வும் வகையை விட்டுவிட்டு வேறு வழி தேடுவதே சரி. பட்டைக்குப் பதிலாக வாரும் கொக்கியும் கொண்ட வகையில் முள் பதித்த தகட்டைப் பூட்ஸின் அடியில் வைத்து, மேலே வாரால் இறுக்கிக் கட்டலாம். பூட்ஸ் எவ்வளவு பருத்தாலும் வாரின் நீளம் போதுமானால் போதும். நடுப்பாதத்தில் மட்டும் கட்டும் சிறு தகடுகளும் கனடாவில் பரவலாகக் கிடைக்கின்றன. குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் நடுவே உள்ள குழிவில் அது உட்காரும். கட்டடத்துக்குள் நுழையும்போது கழற்றாமல் சுழற்றிப் பாதத்தின் மேல் தள்ளிவிடலாம். வீடு வீடாக ஏறி இறங்கும் தபால்காரருக்கும் பொருள் கொண்டுபோய்க் கொடுப்பவருக்கும் இது பெரிய வசதி. ஆனால் குதிகால் முதலில் தொடும் அந்தக் கணத்தில் முள் அங்கே இல்லை. பாதத்தைத் தட்டையாக வைத்து நடப்பவருக்கே இந்த வகை பயன்படும்.

அடிப்பாகத்திலேயே முள்ளைத் திருகிப் பொருத்துவது மூன்றாவது வழி. கார்பைடு நுனி கொண்ட சிறு திருகாணிகள் இதற்கென்றே விற்கின்றன. ரப்பர்க் கட்டைகளின் நடுவில் இவற்றை முடுக்கினால், கழன்று விழும் பட்டையும் இல்லை, அளவுக் குழப்பமும் இல்லை. திருகாணியின் நீளம், அது இறங்கும் இடத்தில் உள்ள ரப்பரின் தடிமனைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பது மட்டும் மீறக்கூடாத விதி. நீர் புகாத பூட்ஸில் ஒரு திருகாணி ஆழமாக இறங்கினால் பூட்ஸ் பாழ். இரு ரப்பர் சுவர்களுக்கு நடுவே காற்றடைத்துச் சூடு காக்கும் பன்னி பூட்ஸில் இதைச் செய்யவே கூடாது. நிரந்தரமாக முள் பதித்த பூட்ஸைத் தனியாக வாங்குவதும் உண்டு; சுவீடனின் ஐஸ்பக் இவ்வகையில் நன்கு அறியப்பட்ட பெயர். இவற்றைக் கடைக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் போட்டுக்கொண்டு போக முடியாது என்பதே குறை.

காலணியின் உருவமும் தேர்வை மாற்றும். இரும்பு முனை வைத்த வேலைத்தள பூட்ஸுக்கு முன்முனை உயரம் அதிகம். முன்பட்டை ஆழமாக உள்ள வகையே அதில் நிற்கும். முழங்கால் வரை வரும் ரப்பர் கம்பூட்ஸின் மேற்பரப்பு வழவழப்பானது, நனைந்தால் பட்டை வழுகும். ஒட்டுப்பட்டை இல்லாமல் அதில் கிளீட்ஸ் மாட்டுவதில் பயனில்லை.  வேலைசெய்யும் இடமும் தேர்வை மாற்றும். எரிவாயுவோ பெட்ரோலோ கையாளும் இடங்களில் எஃகு முள் தரையில் உரசித் தீப்பொறி எழக்கூடும் என்பதால், தீப்பொறி எழுப்பாத வகைதான் அனுமதிக்கப்படும். அதை வேலைத்தளமே சொல்லிவிடும்.

ஒரே ஜோடி கிளீட்ஸ் எல்லாக் காலணிக்கும் ஆகாது என்பதை வாங்கும்போதே ஏற்றுக்கொள்வது நல்லது. டொராண்டோ போன்ற ஊரில் ஜனவரியில் ஒரு வாரம் மைனஸ் 20, அடுத்த வாரம் பகலில் 2 டிகிரி, இரவில் மைனஸ் 4 என்று வெப்பநிலை ஏறி இறங்கும். பெரிய பூட்ஸ் வெளியே வருவது கடுங்குளிர் நாட்களில். மிக மோசமான வழுக்கலோ, உருகிய நீர் இரவில் உறைந்து மறுநாள் காலை நனைந்து கிடக்கும் மிதமான நாட்களில். அன்று பெரும்பாலோர் கால்களில் இருப்பது இலேசான ஷூ. பூட்ஸுக்கு வாங்கிய எக்ஸ்எல் அதில் தொளதொளக்கும். தெருவில் தூவும் உப்பு மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே அதிகம் வேலை செய்யாது. அதற்கு மேலே அது உருக்கிய நீரே மீண்டும் உறையும். ஆகவே பூட்ஸுக்கு ஒன்று, ஷூவுக்கு ஒன்று என்று இரண்டு ஜோடி வாசலருகே தொங்குவது வீண்செலவு அல்ல. கடுங்குளிரில் ஐஸ் இன்னும் கடினமாகும் என்பதால், பூட்ஸுக்கான ஜோடியில் கூர்மையான, கடினமான முள் இருப்பது அவசியம். சுருள்கம்பி அங்கே பெரும்பாலும் மேலோடு வழுக்கிப் போகும்.

முள் ஐஸுக்கு உரியது. பளிங்கு, பீங்கான் ஓடு, இரும்புப் படி ஆகியவற்றின் மேல் அதே முள் ஐஸைவிட மோசமாக வழுக்கும். ரயில் நிலைய வாசல், கடையின் நுழைவுத்தளம், மருத்துவமனை முன்கூடம் ஆகியவை கிளீட்ஸோடு விழுவதற்கு மிகத் தோதான இடங்கள். நகரும் படிக்கட்டின் பள்ளங்களில் முள் மாட்டிக்கொள்ளும். காரை ஓட்டும்போது பிரேக் மிதியில் முள் சிக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கழற்றியதைப் போட ஒரு சிறு பை உடன் இருக்க வேண்டும். ஈரமும் கூரும் கொண்ட பொருளைச் சட்டைப்பையில் திணிக்க முடியாததால்தான் பலர் கழற்றாமலே உள்ளே நடக்கிறார்கள். கிளீட்ஸ் அணிந்தபோதும் அடிகள் குட்டையாக, பாதம் தட்டையாக, உடல் சற்றே முன் சாய்ந்து நடப்பதே முறை. மென்மையான ஆழப் பனியில் முள்ளுக்குப் பிடிக்க எதுவும் இல்லை. பூஜ்யத்தை ஒட்டிய ஈரப்பனி முட்களுக்கிடையே அப்பிக் கட்டியாகிவிட்டால் அதைத் தட்டிவிட்டுத்தான் நடக்க வேண்டும்.

பராமரிப்பு அதிகம் இல்லை. வீடு திரும்பியதும் உப்புநீரைக் கழுவித் துடைத்துக் காயவைத்தால் எஃகு துருப்பிடிக்காது. பூட்ஸிலேயே மாட்டி விட்டுவைப்பது தவறான வழக்கம். இழுபட்ட நிலையிலேயே மாதக்கணக்கில் இருக்கும் ரப்பர் தன் இழுவிசையை இழந்து தளர்ந்துவிடும். வெயில் படும் ஜன்னலோரமும் ஹீட்டரின் மேல்பக்கமும் ரப்பருக்கு ஆகாதவை. ஒவ்வொரு குளிர்காலத் தொடக்கத்திலும் பட்டையை இரு கையாலும் இழுத்து, இணைப்பு வளையங்களைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வெடிப்பு தெரிந்தால் ஒட்டவோ தைக்கவோ முயலாமல் மாற்றிவிடுவதே வழி. முள்ளின் நுனி உருண்டு, அட்டையில் குழி விழாமல் வெறும் தடம் மட்டும் விழத் தொடங்கினாலும் அப்படியே. பூட்ஸை மாற்றும்போது, எண் அதேதான் என்றாலும், அடிப்பாகத்தை மீண்டும் காகிதத்தில் வரைந்து அளந்துகொள்ள வேண்டும். ஒரு நிறுவனத்தின் 11 மற்றொன்றின் 12ஐவிடப் பருத்திருப்பது சாதாரணம்.